பிரசவ அறைக்குள் துணைக்கு ஒருவரை விட்டால் என்ன?

இணுவில்காரி:
மூத்தவனுக்கு நோவெடுத்தபோது பின்னேரம் நாலு மணி. அம்மா வாசலோடு நின்றுவிட்டா. உள்ளே பதினொரு மணித்தியாலம் தனிய. தாதி மிஸ்ஸிமாரைக் குறை சொல்லவில்லை, ஒருவரே நாலு தாய்மாரைப் பார்க்க வேண்டியிருந்தது. தண்ணீர் கேட்கவும் ஆளில்லாமல் கட்டில் கம்பியைப் பிடித்தபடி கிடந்தேன். சின்னவளுக்கு வேறு ஆஸ்பத்திரி, அங்கே அக்காவை விட்டார்கள். ஒவ்வொரு நோவுக் குத்துக்கும் இடுப்பின் பின்பக்கம், நாரியில் உள்ளங்கையை வைத்து அழுத்திப் பிடித்தா. குத்து விட்டதும் ஒரு மிடறு தேத்தண்ணி, பிறகு "எழும்பி ரெண்டு அடி நட" என்பா. வலி அதே வலிதான், ஆனால் பயம் விட்டுப்போச்சு. தாய் விரும்பும் ஒருவர் பிரசவம் முழுக்கக் கூட இருக்கட்டும் என்று உலக சுகாதார நிறுவனமே 2018இல் பரிந்துரைத்திருக்கிறது. பிறகேன் இடத்துக்கு இடம் வேறு சட்டம்?

தாதி_அக்கா:
தங்கச்சி, 20 வருடமாகப் பிரசவ விடுதியில் நிற்கிறேன். கட்டிலுக்குக் கட்டில் நடுவே ஒரு திரைச்சீலைதான். உங்கள் மனிசன் உங்களுக்குத் துணை, பக்கத்துக் கட்டில் பெண்ணுக்கு அவர் அந்நிய ஆம்பிளை. குழந்தையின் இதயத்துடிப்பு இறங்கினால் நாங்கள் ஓட வேண்டும். அந்த நேரம் பார்த்து, துணைக்கு வந்து மயங்கி விழுந்த அம்மாமாரையும் தூக்கியிருக்கிறேன்.

பனங்கூடல்:
மிஸ், அம்மம்மாவுக்கு ஐந்து பிள்ளையும் வீட்டில்தான். மருத்துவிச்சியோடு பெரியம்மாவும் சித்தியும் கூட நின்றார்கள். மருத்துவ ஆய்வுகளைத் திரட்டி மதிப்பிடும் கொக்ரேன் அமைப்பின் 2017 தொகுப்பில் 17 நாடுகளின் 26 ஆய்வுகள், 15,000க்கு மேற்பட்ட பெண்கள். துணை இருந்தவர்களுக்குச் சிசேரியன் குறைவு, நோவு நேரமும் சராசரியாக 40 நிமிடம் அளவில் குறைவு, கெடுதல் எதுவும் தெரியவில்லை. பயந்தால் அட்ரினலின் என்ற ஹோர்மோன் ஏறும், கருப்பையைச் சுருக்கும் ஒக்சிடோசின் தடைப்படும் என்பது உங்களுக்குத் தெரியாததா?

தாதி_அக்கா:
தெரியும் தம்பி. வீட்டில் இரத்தம் போய்ச் செத்த தாய்மாரைப் பற்றியும் அம்மம்மாவிடம் கேளுங்கோ. அந்த ஆய்வுகள் பலதில் துணைக்கு நின்றவர்கள் பயிற்சி எடுத்தவர்கள். எங்களிடம் வருவது "பிள்ளை கத்துது, வெட்டி எடுங்கோ" என்று எங்களோடு மல்லுக்கு நிற்கும் மாமிமார்.

இணுவில்காரி:
அதைத்தான் அக்கா நானும் சொல்கிறேன், பழக்கிவிட்டால் என்ன? கடைசி மாதக் கிளினிக்குக்கு வரும்போதே துணைக்கு வரப்போகிறவரையும் கூட்டிவரச் சொல்லுங்கோ. பொம்பிளை ஒருவர். தலைமாட்டில்தான் நிற்க வேண்டும். மிஸ் "வெளியே" என்றால் மறுகதை இல்லாமல் போக வேண்டும். நாரியை எங்கே அழுத்துவது, மூச்சை எப்படி எண்ணிக் கொடுப்பது என்று மருத்துவமாது அரை மணியில் காட்டிவிடுவா. அக்காவுக்கு அதுகூட யாரும் சொல்லிக் கொடுக்கவில்லை, தன் பிரசவத்தை நினைத்து நினைத்துச் செய்தா.

தாதி_அக்கா:
பழக்கிய பொம்பிளை ஒருவர் என்றால் எனக்கு மறுப்பில்லை. ஆனால் இரவில் ஆள் மாற்றக்கூடாது, போன் வெளியே இருக்க வேண்டும். அதற்கு முதல் கட்டிலுக்குக் கட்டில் முழுசாக மூடும் திரைச்சீலை வேண்டும் என்று எழுதிக் கேளுங்கோ, நானும் கையெழுத்து வைக்கிறேன். எங்கள் விடுதியில் மூன்று வளையம் கழன்று, பாதிதான் மூடுகிறது.