பிராய்லர் கோழியைச் செல்லமாக நெடுநாள் வளர்க்க முடியுமா? 7 வாரத்திலேயே நடக்கச் சிரமப்படுகிறது, உதவி தேவை

முற்றம்:
வணக்கம். முட்டைக்கோழிக் குஞ்சுகள் என்று சொல்லித்தான் 6 குஞ்சுகள் வாங்கினோம். அதில் நான்கு ஒல்லியாக, துறுதுறுவென்று வளர்கின்றன. வெள்ளையாக இருந்த இரண்டு மட்டும் மூன்றாம் வாரத்திலேயே மற்றவற்றைவிட இரண்டு மடங்கு பெரிதாகிவிட்டன. பார்க்கிறவர்கள் எல்லாம் இது பிராய்லர், கறிக்கோழி என்கிறார்கள்.

இப்போது 7 வாரம் முடிந்து மூன்று நாள். நானே கையில் தூக்கிக்கொண்டு எடை மெஷினில் ஏறிப் பார்த்தேன். பெட்டை (பஞ்சு என்று கூப்பிடுகிறோம்) 3.1 கிலோ, சேவல் 3.7 கிலோ. அதே நாளில் பொரித்த மற்ற நான்கும் ஒவ்வொன்றும் 600 கிராம்தான்.

பஞ்சு பத்து அடி நடந்தால் உட்கார்ந்துவிடுகிறாள். தீவனத் தட்டுக்குப் பக்கத்தில் படுத்துக்கொண்டே தின்கிறாள். நெஞ்சில் இறகே இல்லை, தோல் சிவந்து கிடக்கிறது. நேற்று மதியம் இரண்டும் வாயைத் திறந்து மூச்சு வாங்கின.

கால்நடை மருத்துவர் ஒருவரிடம் காட்டினேன். "இதை வைத்துக்கொண்டு என்ன செய்யப்போகிறீர்கள், அறுத்துவிடுங்கள்" என்று சொல்லிவிட்டார். எங்களால் முடியாது. கூப்பிட்டால் திரும்பிப் பார்க்கிற ஜீவன். இவை எத்தனை நாள் இருக்கும்? நடக்க வைக்க ஏதாவது மருந்து உண்டா?

வைக்கோல்:
மருந்தைப் பற்றி அப்புறம் பேசலாம். முதலில் இதற்கெல்லாம் பதில் சொல்லுங்கள். என்ன தீவனம், எவ்வளவு, எத்தனை வேளை? இரவில் விளக்கு எரிகிறதா? கொண்டை சிவப்பாக இருக்கிறதா, இல்லை ஊதா கலந்திருக்கிறதா? தூக்கிப் பிடித்து அடிவயிற்றை லேசாக அமுக்கிப் பாருங்கள், தண்ணீர் நிரப்பிய பை மாதிரி தளும்புகிறதா? உள்ளங்காலைத் திருப்பிக் கருப்புப் பொருக்கு இருக்கிறதா என்றும் பாருங்கள்.

முற்றம்:
வாங்கும்போது கொடுத்த ஸ்டார்ட்டர் (குஞ்சுப் பருவத்) தீவனம்தான் இன்றுவரை. பையில் புரதம் 22% என்று இருக்கிறது. தட்டு காலியாக விட்டதே இல்லை, பசியோடு இருக்கக் கூடாது என்று நிரப்பிக்கொண்டே இருப்பேன். குஞ்சாக இருந்தபோது சூட்டுக்காக வைத்த விளக்கு இன்னும் இரவு முழுக்க எரிகிறது.

பஞ்சுவின் கொண்டை நல்ல சிவப்பு. சேவலுக்கு நடந்து முடித்ததும் நுனியில் ஊதா ஓடுகிறது. வயிறு இரண்டுக்கும் தளும்பவில்லை. பஞ்சுவின் வலது உள்ளங்காலில் மிளகு அளவுக்கு ஒரு கருப்புப் பொட்டு இருக்கிறது.

சாம்பல்சிறகு:
முற்றம், நான் 11 வருடம் பிராய்லர் தாய்க்கோழிப் பண்ணையில் வேலை பார்த்தவன். கறிக்குப் போகும் குஞ்சுகளுக்கு முட்டையிடும் அம்மாக்களை வளர்க்கிற இடம் அது. அதனால் ஒன்றை உறுதியாகச் சொல்ல முடியும். உங்கள் கோழிக்கு மருந்தைவிட முதலில் தேவைப்படுவது அளந்து போடுகிற தீவனம்.

பிராய்லர் 6 வாரம்தான் வாழும் என்று ஊரே நம்புகிறது. 6 வாரத்தில் அறுப்பதால் வந்த பேச்சு அது. அதே இரத்தத்தில் வந்த தாய்க்கோழிகள் 60 வாரத்துக்கு மேலும் நடமாடி முட்டை போடுகின்றன. வித்தியாசம் தட்டில் இருக்கிறது. அவற்றுக்கு முதல் சில வாரங்களிலேயே தீவனத்தை எடை போட்டுத்தான் கொடுப்போம். 20 வாரத்தில் ஒரு தாய்ப்பெட்டை ஏறக்குறைய 2.2 கிலோதான் இருக்கும். உங்கள் பஞ்சு அந்த எடையை 5 வாரம் தாண்டியதுமே கடந்திருப்பாள்.

இந்த இனத்தின் உடல் அப்படி ஆக்கப்பட்டிருக்கிறது. கனடாவின் ஆல்பர்ட்டா பல்கலைக்கழகத்தில் 1957, 1978, 2005 ஆகிய மூன்று காலத்துக் கோழி வம்சங்களையும் ஒரே தீவனம் போட்டு வளர்த்துப் பார்த்து 2014-இல் வெளியிட்டார்கள். 56-ஆம் நாளில் 1957 வம்சம் சுமார் 900 கிராம், 1978 வம்சம் 1.8 கிலோ, 2005 வம்சம் 4.2 கிலோ. தீவனம் ஒன்றுதான், பிறவிதான் வேறு. சதை அந்த வேகத்தில் ஏறும்போது எலும்பும் இதயமும் நுரையீரலும் கூடவே ஓட முடியாமல் பின்தங்குகின்றன. நீங்கள் காலில் பார்ப்பது அதுதான். போதும் என்று நிறுத்தும் உணர்வும் இவற்றுக்கு மிகக் குறைவு. முன்னால் இருக்கும் வரை தின்னும், எனவே நிறுத்துகிற வேலை உங்களுடையது.

இப்போது இரண்டும் ஆளுக்கு ஒரு நாளைக்கு 200 கிராம் பக்கம் தின்றுகொண்டிருக்கும். ஒரேயடியாக வெட்டாதீர்கள். பத்து நாளில் படிப்படியாக இறக்கி, பஞ்சுவுக்கு 90 முதல் 100 கிராம், சேவலுக்கு 110 கிராம் பக்கம் கொண்டுவந்து, காலை மாலை என்று இரண்டாகப் பிரித்துக் கொடுங்கள். கைப்பிடி அளவு நம்பக் கூடாது, தராசில் வையுங்கள். ஸ்டார்ட்டரை நிறுத்தி, முட்டைக்கோழிக்கான வளர்பருவத் தீவனத்துக்கு மாற்றுங்கள். அதில் புரதம் 15, 16% தான் இருக்கும். முட்டையிடும் கோழிக்கான தீவனம் மட்டும் இப்போது வேண்டாம். அதில் சுண்ணாம்புச் சத்து 4% பக்கம் இருக்கும், முட்டை போடாத கோழியின் சிறுநீரகத்தை அது கெடுக்கும்.

வாரம் ஒரு நாள், காலையில் தீவனம் போடுவதற்கு முன் எடை பாருங்கள். நோட்டில் எழுதுங்கள். எடை ஏறாமல் நின்றாலே நல்லது. சரசரவென்று இறங்கினால் 10 கிராம் கூட்டுங்கள்.

இரவு விளக்கை இன்றே அணையுங்கள். வெளிச்சம் இருந்தால் இரவிலும் தின்னும், தூங்காது. இருட்டில் ஓய்வு கிடைத்தால்தான் காலும் இதயமும் கொஞ்சம் மூச்சு விடும்.

முற்றம்:
அண்ணா, இவ்வளவு விரிவாகச் சொன்னதற்கு மிக்க நன்றி. ஒரு சிக்கல். ஆறும் ஒரே கூட்டில்தான் இருக்கின்றன. மற்ற நான்குக்கும் நாள் முழுக்கத் தீவனம் வேண்டுமே? பஞ்சுவுக்குத் தெரியாமல் எப்படி வைப்பது?

ஆழ்கூளம்:
இதற்கு நான் பதில் சொல்கிறேன், நானும் இதே பாடு பட்டவள். ஒல்லிக் கோழிகளின் தட்டை உயரத்தில் வைத்துவிடுங்கள். நான் முழங்கால் உயரத்தில் ஒரு பலகை அடித்து அதன்மேல் வைத்தேன். முட்டைக்கோழி ஒரே தாவில் ஏறிவிடும். பிராய்லர் கீழே நின்று அண்ணாந்து பார்க்கும், ஏறாது. சிந்துகிற தீவனம் கீழே விழாமல் பலகைக்கு விளிம்பு கட்ட மறக்காதீர்கள். நான் அதை மறந்து இரண்டு வாரம் எடை ஏன் ஏறுகிறது என்று தெரியாமல் தவித்தேன்.

பஞ்சுவின் பங்கைத் தட்டிலேயே போட வேண்டாம், தண்ணீருக்கு எதிர்மூலையில் தரையில் இறைத்துவிடுங்கள். தின்ன ஒரு பக்கம், குடிக்க ஒரு பக்கம் என்று நடந்தே ஆக வேண்டும். இடையில் கீரை, வெள்ளரி, புல் எல்லாம் கட்டித் தொங்கவிடலாம். வயிறு நிறையும், சதை போடாது.

தரைக்கு மரத்தூளோ உமியோ நான்கு விரல் ஆழத்துக்காவது போட்டு, ஈரமான இடத்தை அன்றன்றே அள்ளிவிடுங்கள். நெஞ்சு சிவந்திருப்பது ஈரக் கூளத்தில் படுத்தே கிடப்பதால் வருவது. ஏறி உட்காரக் கம்பு வைத்தால் ஒரு சாண் உயரத்துக்கு மேல் வேண்டாம். அதைவிட உயரத்திலிருந்து குதித்தாலே இந்த எடைக்குக் கால் போய்விடும்.

காலைவெயில்:
மன்னிக்கவும், எனக்கு இதில் உடன்பாடு இல்லை. பசியெடுக்கவே பிறக்க வைத்த ஒரு உயிரைப் பசியிலேயே வைத்திருப்பது எந்த விதத்தில் அன்பு? வயிறாரத் தின்று நான்கு மாதம் வாழட்டுமே.

சாம்பல்சிறகு:
காலைவெயில், உங்கள் கேள்வி நியாயமானது. பண்ணையில் அந்தப் பசியை நான் கண்ணால் பார்த்திருக்கிறேன். காலித் தட்டைக் கொத்தும், கூளத்தைத் தின்னும், வயிற்றை நிரப்பத் தண்ணீரை அளவுக்கு மேல் குடிக்கும். அதனால்தான் வெறும் அளவுக் குறைப்பு போதாது என்கிறேன். கீரையும் கிளறித் தேட மண்ணும் இருந்தால் அந்தத் தவிப்பு நிறையக் குறைகிறது.

வயிறாரத் தின்ற கோழியின் கடைசி வாரங்களும் எனக்குத் தெரியும். சதைக்கு வேண்டிய ஆக்சிஜனைக் கொடுக்க நுரையீரலுக்குள் அழுத்தம் ஏறி, இதயத்தின் வலப்பக்கம் வீங்கி, கடைசியில் வயிற்றில் நீர் கோத்துவிடும். படுத்தால் மூச்சு வராமல் உட்கார்ந்தபடியே தூங்கும். அது வயிறு நிறைந்த வாழ்க்கை அல்ல. இரண்டு கஷ்டத்தில் சிறியது எது என்றுதான் பார்க்க வேண்டியிருக்கிறது.

காலைவெயில்:
சரி, நீர் கோப்பதை நான் யோசித்ததில்லை. கீரையும் மண்ணும் சேர்த்துச் சொன்னதில் எனக்குக் கொஞ்சம் சமாதானம்.

வைக்கோல்:
முற்றம், அந்தக் கருப்புப் பொட்டை விட்டுவிடாதீர்கள். பாதப் புண்ணின் ஆரம்பம் அது. வெதுவெதுப்பான நீரில் எப்சம் உப்பு கரைத்துப் பத்து நிமிடம் காலை ஊறவைத்து, ஈரம் போகத் துடைத்துக் கட்டுங்கள். பாதம் வீங்கினாலோ சூடாக இருந்தாலோ வேறு மருத்துவரிடம் போங்கள். "இது செல்லப் பிராணி, அறுக்கப்போவதில்லை" என்பதை முதல் வாக்கியமாகச் சொல்லுங்கள், அவர் யோசிக்கும் விதமே மாறும். நாம் போட்டுக்கொள்கிற வலி மாத்திரையை மட்டும் கொடுத்துவிடாதீர்கள்.

பின்பக்க இறகையும் தினம் பாருங்கள். பருத்த கோழியால் தன்னைக் கோதிக்கொள்ள முடியாது, எச்சம் ஒட்டினால் ஈ முட்டை வைத்துப் புழு வந்துவிடும். வெதுவெதுப்பான நீரில் கழுவி நன்றாக உலர்த்த வேண்டும். வெயில் ஏறும் நேரத்தில் நிழலும் குளிர்ந்த தண்ணீரும் இருக்கட்டும். கோழிக்கு வியர்க்காது, வாயைத் திறந்து மூச்சு வாங்கித்தான் சூட்டை வெளியேற்றும். இந்த உடலுக்கு அதுவே பெரிய வேலை.

சேவலைப் பற்றி ஒன்று சொல்ல வேண்டும். கொண்டை நுனியில் ஊதா ஓடுவது எனக்குப் பிடிக்கவில்லை. மனதைத் தயார்படுத்திக்கொள்ளுங்கள்.

முற்றம்: (12 நாள் கழித்து)
பஞ்சு 3.15 கிலோ, கிட்டத்தட்ட அப்படியே. முதல் நான்கு நாள் என் பின்னாலேயே வந்து கத்தினாள். எனக்குச் சாப்பாடு இறங்கவில்லை. இப்போது காலையில் தீவனத்தை இறைத்ததும் இறக்கையை விரித்துக்கொண்டு முற்றத்தின் கோடிவரை ஓடுகிறாள். பாதத்துப் பொருக்கு தானாக உதிர்ந்து, அடியில் இளஞ்சிவப்புத் தோல் தெரிகிறது. சேவல் 3.8 கிலோ. அவனும் நடக்கிறான், ஆனால் சீக்கிரம் களைக்கிறான்.

முற்றம்: (மேலும் 3 வாரம் கழித்து)
சேவல் இன்று காலை போய்விட்டான். தண்ணீர்ப் பாத்திரத்துப் பக்கம் போனவன் ஒரே ஒரு முறை கத்தினான், இறக்கையைப் படபடவென்று அடித்தான், மல்லாந்து விழுந்தான். நான் ஓடிப்போய்த் தூக்குவதற்குள் முடிந்துவிட்டது. ஒரு நிமிடம்கூட இல்லை. முன்பே தீவனத்தைக் குறைத்திருந்தால் பிழைத்திருப்பானா?

சாம்பல்சிறகு:
மிகவும் வருத்தமாக இருக்கிறது. நீங்கள் சொல்வது திடீர்ச் சாவு. வேகமாக வளரும் கோழிகளில் இதயத் துடிப்பு தாறுமாறாகி வருவது, சேவல்களில்தான் அதிகம். முதல் வாரங்களிலிருந்தே அளந்து போட்டிருந்தால் வாய்ப்பு கூடியிருக்கும், மறைத்துச் சொல்ல மாட்டேன். ஆனால் இது பிராய்லர் என்றே உங்களுக்கு அப்போது தெரியாது. தெரிந்த நாளிலிருந்து நீங்கள் செய்தது சரி.

ஆழ்கூளம்:
என்னிடமும் இரண்டு இருந்தன. ஒன்று 5 மாதத்தில் போனது. இன்னொன்று 3 வருடம் 2 மாதம் இருந்தாள். பஞ்சு தனியாக இருக்கவில்லையே, அந்த நான்கோடும் சேர்ந்து இருக்கட்டும்.

முற்றம்: (பஞ்சுவுக்கு 26 வாரம்)
பஞ்சு இன்று முதல் முட்டை போட்டாள்! வெளிர் பழுப்பு, என் உள்ளங்கையில் கனமாக இருந்தது. எடை 3.4 கிலோ. முட்டை போட்டுவிட்டு ஒரு மணி நேரம் மண் குளியலில் கிடந்தாள், எழுந்திருக்கவே இல்லை. இனிமேல் தீவனத்தை மாற்ற வேண்டுமா?

சாம்பல்சிறகு:
தாய்க்கோழிகளும் 24, 25 வாரத்தில்தான் ஆரம்பிக்கும், சரியான நேரத்தில்தான் வந்திருக்கிறாள். இப்போது முட்டையிடும் கோழிக்கான தீவனத்துக்கு ஒரு வாரத்தில் மெதுவாக மாற்றுங்கள். சிப்பித் தூளைத் தனிக் கிண்ணத்தில் வையுங்கள், வேண்டிய அளவு அவளே எடுத்துக்கொள்வாள். முட்டை போடும் மாதங்களில் 20 கிராம் கூட்டலாம். எடை நோட்டை மட்டும் நிறுத்திவிடாதீர்கள். வயிறு பெருத்து, முட்டையும் வராமல், வாத்து மாதிரி நிமிர்ந்து நின்றால் அன்றே மருத்துவரிடம் தூக்கிப் போங்கள்.

முற்றம்:
சரி அண்ணா. சிப்பித் தூள் இன்றே வைத்துவிட்டேன். வந்து கிண்ணத்தை ஒரு கொத்து கொத்திப் பார்த்துவிட்டு, மறுபடி மண்ணுக்கே போய்விட்டாள்.