பேரரசர் குவாங்சு வெறும் கைப்பொம்மைதானா?

கேள்வி:
சீனாவின் சிங் வம்சத்தின் கடைசிக் காலத்தைப் படித்துக்கொண்டிருக்கிறேன். எங்கே பார்த்தாலும் குவாங்சுவை "ராஜமாதா சிக்ஸியின் கைப்பொம்மை" என்று ஒரே வரியில் முடித்துவிடுகிறார்கள். 1875 முதல் 1908 வரை, 33 வருஷம் பேரரசராக இருந்தவர் சொந்தமாக எதுவுமே செய்யவில்லையா? 1889-லேயே ஆட்சி அவர் கைக்கு வந்துவிட்டதாம், அப்புறம் ஏன் 1898-ல் எல்லாம் பறிபோனது?

பதில் 1:
உறவுமுறையைப் பாருங்கள், பாதி புரிந்துவிடும். சிக்ஸி இவருடைய அம்மாவின் அக்கா, அப்பாவின் அண்ணன் மனைவியும் அவர்தான், ஆக இரண்டு வழியிலும் பெரியம்மா. பேரரசராக இருந்த தன் மகன் தோங்ச்சி 18 வயதில் வாரிசில்லாமல் இறந்ததும் இந்த மூன்றரை வயதுப் பிள்ளையைத் தத்தெடுத்து அரியணையில் உட்கார வைத்தார். வழக்கப்படி அடுத்த தலைமுறையில் ஒரு பிள்ளையைத்தான் தேர்ந்தெடுத்திருக்க வேண்டும், ஆனால் அப்படிச் செய்தால் தோங்ச்சியின் மனைவி ராஜமாதா ஆகிவிடுவார், சிக்ஸி ஒரு படி பின்னால் போக வேண்டியிருக்கும். 1889-ல் கட்டிவைத்த பெண்ணும் சிக்ஸியின் தம்பி மகள், குவாங்சுவுக்கு மாமன் மகள். ஆட்சியை ஒப்படைத்தார், பிடியை விடவில்லை.

பதில் 2:
பொம்மை என்பதை நான் ஒப்புக்கொள்ளவே மாட்டேன். 1895-ல் ஜப்பானிடம் தோற்று, தைவானையும் கொடுத்து 20 கோடி தேல் (பழைய சீன எடை அளவு) வெள்ளியும் கட்ட ஒப்புக்கொண்ட அவமானம் அவரை உலுக்கிவிட்டது. 1898 ஜூன் 11-லிருந்து 103 நாள் ஆணைமேல் ஆணை போட்டார்: அரசுத் தேர்வில் எட்டுப் பகுதியாக எழுதும் பழைய கட்டுரை முறை ரத்து, பீகிங்கில் பல்கலைக்கழகம், சாதாரண மக்களும் நேரடியாக மனு எழுத அனுமதி. ஒரு மனுவை மேலே அனுப்பாமல் தடுத்ததற்காகச் சடங்குத் துறையின் ஆறு உயரதிகாரிகளையும் ஒரேயடியாக நீக்கினார், பொம்மை செய்கிற காரியமா இது? அவரிடம் இல்லாதது படை. சீர்திருத்தம் தொடங்கி நாலே நாளில் அவருடைய ஆசிரியர் வெங் தோங்ஹெயைப் பதவியிலிருந்து விரட்டினார்கள், தலைநகரைச் சுற்றியிருந்த படைகள் சிக்ஸியின் ஆளான ரோங்லுவிடம் போய்விட்டன.

பதில் 3:
சரி, ஆனால் படைத்தலைவர் யுவான் ஷிகாய் காட்டிக்கொடுத்ததால்தான் எல்லாம் கெட்டது என்று யாராவது சொல்வதற்கு முன் தேதிகளைப் பாருங்கள். சீர்திருத்தக்காரர் டான் சிதோங் அவரிடம் படை உதவி கேட்டுப் போனது செப்டம்பர் 18 இரவு. 19-ஆம் தேதியே சிக்ஸி கோடை அரண்மனையிலிருந்து திரும்பிவிட்டார், யுவான் தியான்ஜினுக்குப் போய் ரோங்லுவைப் பார்த்தது 20-ல்தான். 21-ஆம் தேதி ஆட்சி மறுபடி சிக்ஸியிடம். டான் சிதோங்கையும் சேர்த்து ஆறு பேரின் தலை போனது. பேரரசரை ஏரி நடுவில் இருக்கும் யிங்தாய் தீவில் அடைத்தார்கள்.

கேள்வி கேட்டவர்:
நன்றி, தேதிகளை வரிசையாகப் பார்த்ததும்தான் தெளிவாகிறது. குவாங்சுவுக்கு விஷம் வைத்தார்கள் என்பது உண்மையா?

பதில் 3:
உண்மைதான். 2008-ல் அவருடைய தலைமுடியைச் சோதித்ததில் ஆர்சனிக் சாதாரண அளவைவிட ஏறத்தாழ 2000 மடங்கு இருந்தது. கொடுத்தது யார் என்பதற்குத்தான் ஆதாரம் இல்லை. அவர் இறந்தது 1908 நவம்பர் 14, 37 வயது. மறுநாளே சிக்ஸியும் போய்ச் சேர்ந்தார். எனக்கு மனசு கனப்பது இன்னொரு விஷயத்தில்: இறந்தபோது அவருக்கென்று ஒரு கல்லறைகூடக் கட்டத் தொடங்கியிருக்கவில்லை. சிங் ஆட்சியே கவிழ்ந்து, 1913-ல் குடியரசுக் காலத்தில்தான் அவரை அடக்கம் செய்தார்கள்.