எஸ்ஏபி அனலிட்டிக்ஸ் கிளவுட் பிளானிங்: எக்செல் ஆட்கள் எங்கிருந்து ஆரம்பிக்கணும்?

கணக்குப்பிள்ளை

வணக்கம். பட்ஜெட் வேலை எல்லாம் இதுவரை எக்செல்தான். இப்போ எஸ்ஏசி (எஸ்ஏபி அனலிட்டிக்ஸ் கிளவுட், பட்ஜெட் போடும் மென்பொருள்) டிரையலில் அக்கவுண்ட் வைத்த ஒரு பிளானிங் மாடல் போட்டு, சிஎஸ்வி ஏற்றியிருக்கேன். மூன்று இடத்தில் முட்டுது:

1. விற்பனை வருமானம் மட்டும் மைனஸில் வருது. ஃபைலில் பிளஸ்தான்.
2. ஹெட்கவுண்ட் (ஆட்கள் எண்ணிக்கை) மாதம் 40. வருட மொத்தம் 480 காட்டுது.
3. பயணச் செலவுக்கு 2026-க்கு நேராக 12,00,000 அடித்தேன். தானாக மாதங்களுக்குப் பிரிந்துவிட்டது. ஸ்டோரியை (டேபிள் இருக்கும் ரிப்போர்ட் பக்கம்) சேவ் பண்ணியும் பக்கத்து சீட்காரருக்கு அந்த எண் தெரியலை.

எந்த வரிசையில் படித்தால் இதெல்லாம் பிடிபடும்?

மாடலர்77

முதல் இரண்டுக்கும் விடை அக்கவுண்ட் டைமென்ஷனில் (வருமானம், செலவு போன்ற கணக்குத் தலைப்புகளின் பட்டியல்) இருக்கு.

வருமானத்தின் அக்கவுண்ட் டைப் ஐஎன்சி (இன்கம்). லெட்ஜரில் வருமானம் கிரெடிட், அதாவது மைனஸ். மாடலும் அப்படித்தான் எதிர்பார்க்கும். காட்டும்போது குறியைத் திருப்பும். நீங்கள் பிளஸ்ஸாக ஏற்றியதால் மைனஸாகத் தெரியுது. கடன், மூலதனத்துக்கான எல்இக்யூ டைப்பிலும் இதே கதை. இம்போர்ட் செட்டிங்கில் ‘ரிவர்ஸ் சைன் பை அக்கவுண்ட் டைப்’ டிக் செய்து மறுபடி ஏற்றுங்கள். ‘அப்பெண்ட்’ முறையில் மட்டும் ஏற்றாதீர்கள்: உள்ளே இருக்கும் +100-உம் புதிதாக வரும் −100-உம் கூடி பூஜ்யம் ஆகும். ‘அப்டேட்’ போதும், டெஸ்ட் மாடல்தானே, ‘கிளீன் அண்ட் ரீப்ளேஸ்’ இன்னும் சுத்தம். சிலர் டைப்பையே மாற்றிச் சமாளிப்பார்கள், அது வேண்டாம். வேரியன்ஸ் (பட்ஜெட்டுக்கும் நடந்ததுக்கும் உள்ள வித்தியாசம்) பார்க்கும்போது கூடினால் நல்லதா கெட்டதா என்று சிஸ்டம் முடிவு செய்வது அந்த டைப்பை வைத்துத்தான்.

ஹெட்கவுண்ட்டுக்கு அக்ரிகேஷன் டைப் (மொத்தம் போடும் முறை) ‘சம்’ அப்படியே இருக்கட்டும், துறைகளைக் கூட்ட அது வேணும். எக்செப்ஷன் அக்ரிகேஷனில் (ஒரு டைமென்ஷனுக்கு மட்டும் வேறு முறை) ‘லாஸ்ட்’, அதற்கான டைமென்ஷனாக ‘டேட்’ கொடுங்கள். வருடத்துக்கு டிசம்பரின் 40 நிற்கும். மார்ஜின் சதவீதம் போன்றவற்றை ஏற்றவே ஏற்றாதீர்கள்; ஃபார்முலா பத்தியில் லாபம் வகுத்தல் வருமானம் என்று எழுதினால் ஒவ்வொரு மட்டத்திலும் புதிதாகக் கணக்கிடும்.

பிளான்_பாண்டி

மூன்றாவதுக்கு நான். காலியான வருட செல்லில் 12,00,000 அடித்தால் மாதம் 1,00,000 என்று சமமாகப் பிரியும். அடுத்து ஜனவரியை 3,00,000 ஆக்குங்கள், மொத்தம் 14,00,000. இப்போ வருடத்தில் 28,00,000 அடித்தால் ஜனவரி 6,00,000, மற்றவை 2,00,000 வீதம். ஏற்கெனவே எண் இருந்தால் அந்த விகிதத்தில்தான் பிரிக்கும். ஜனவரி 3,00,000-ஐ அசையாமல் வைக்கணும்னா செல்லை லாக் செய்துவிட்டு வருடத்தில் 25,00,000 அடியுங்கள். மிச்சம் 22,00,000 பதினொரு மாதங்களுக்குப் போகும்.

சேவ் விஷயம்: ஸ்டோரி சேவ் என்பது டேபிளின் அமைப்புக்கு. எண்ணுக்கு ‘பப்ளிஷ் டேட்டா’ தனி. பப்ளிக் வெர்ஷனில் (எல்லோரும் பார்க்கும் எண் தொகுப்பு) திருத்தியதைப் பப்ளிஷ் செய்யும்வரை உங்களுக்கு மட்டும்தான் தெரியும். சோதனைக்கு பட்ஜெட்டைப் பிரைவேட் வெர்ஷனாக நகலெடுத்து, அதில் இஷ்டத்துக்கு விளையாடுங்கள்.

கணக்குப்பிள்ளை

மூன்றும் புரிஞ்சுது, நன்றி. அடுத்து டேட்டா ஆக்‌ஷனா (எண்களைத் தானாக நகலெடுக்கும், கணக்கிடும் வசதி), சார்ட்டா?

மாடலர்77

சார்ட் எங்கேயும் ஓடாது, பிறகு பார்க்கலாம். டேட்டா ஆக்‌ஷனில் முதலில் காப்பி ஸ்டெப்: 2025 ஆக்சுவலை (நடந்த கணக்கு) 2026 பட்ஜெட்டுக்கு. அது வந்தபின் அட்வான்ஸ்டு ஃபார்முலா (கட்டளை வரிகளாக எழுதும் கணக்கு).

அதில் முதல் வரிகளே மெம்பர்செட்டாக (எந்தப் பகுதியில் கணக்கிடணும் என்று சொல்லும் கட்டளை) இருக்கட்டும். தேதியையும் தேவையான மற்ற டைமென்ஷன்களையும் குறுக்குங்கள். விட்டால் மாடல் முழுக்கச் சுற்றும், நேரம் போகும். போன வருட எண்ணை 5 சதவீதம் கூட்ட, ரிசல்ட்லுக்கப்பில் (வேறு செல்லின் எண்ணை எடுத்து வரும் கட்டளை) தேதியை 12 மாதம் பின்தள்ளி 1.05-ஆல் பெருக்கினால் போதும். மூல செல் காலியாக இருந்தால் அங்கே எதுவும் எழுதாது, எர்ரரும் வராது. பலர் ‘ரன் ஆச்சு, எண் வரலை’ என்று முழிப்பது இதில்தான். முதலில் மூல வெர்ஷனில் அந்த மாதத்துக்கு எண் இருக்கா என்று டேபிளில் பாருங்கள்.

பிளான்_பாண்டி

கூடவே ஒன்று: ஃபார்ஈச் (ஒவ்வொன்றாகச் சுற்றிக் கணக்கிடும் கட்டளை) எல்லாவற்றுக்கும் போடாதீர்கள், மெதுவாக்கும். இந்த மாத ஆரம்ப இருப்பு போன மாத முடிவு இருப்பிலிருந்து வருது என்பது மாதிரி, ஒரு மாதத்தின் விடை அடுத்த மாதத்துக்கு வேணும் என்கிற இடத்தில் மட்டும் தேதி மேல் போடுங்கள்.