ஆஃப்-கிரிட் (மின்வாரியக் கரண்டை நம்பாமல் சோலாரில் ஓடும்) வீடுகள்: பேட்டரியும் மற்றதும் ஜோடி சேராமல் பட்ட அனுபவங்கள்

உப்புக்காற்று (வேதாரண்யம் பக்கம்):
நடந்து கொஞ்ச காலம் ஆகிவிட்டது, ஆனால் மனசு இன்னும் ஆறவில்லை. தோட்டத்து வீட்டில் இரண்டு 12 வோல்ட், 150 ஏஹெச் (ஆம்பியர்-அவர், கொள்ளளவு) டியூபுலர் ஆசிட் பேட்டரி, ஒன்றன்பின் ஒன்றாகச் சீரிஸில் 24 வோல்ட். 2018 கஜா புயலில் கரண்ட் இல்லாமல் கிடந்த பிறகு அப்பா போட்ட செட். வாரண்டி முடியப்போகும் நேரத்தில் ஒன்றில் ஒரு செல் போனது. கடையில் அந்த ஒன்றுக்கு மட்டும் புதிது தந்தார்கள். "ஜோடியா வாங்கிக்கிறோம், இன்னொன்னுக்குக் காசு தர்றோம்" என்று அப்பா கேட்டும், "அது நல்லாத்தானே இருக்கு, எதுக்கு வீண் செலவு" என்று அனுப்பிவிட்டார்கள்.

அதிலிருந்து ராத்திரி ஃபேன் நடுச்சாமம் தாண்டாது. பேனலிலிருந்து பேட்டரிக்குச் சார்ஜை அளந்துவிடும் கன்ட்ரோலரின் டிஸ்ப்ளேயில் மட்டும் மத்தியானத்துக்குள் ஃபுல் காட்டும். ஒருநாள் உச்சிவெயிலில் மல்டிமீட்டரோடு உள்ளே போனேன். இரண்டுக்கும் சேர்த்து 28.8 வோல்ட், செட் பண்ணியது எதுவோ அதேதான். சரி என்று திரும்ப இருந்தவன், தனித்தனியாகவும் வைத்துப் பார்த்தேன். பழையதில் 15.6, புதியதில் 13.2. பழையதைத் தொட்டால் சுடுகிறது, மூடிக்குள் கொதிக்கிற சத்தம், அறை முழுக்க ஆசிட் நெடி. அந்த இரண்டு எண்களும் இன்னும் கண்ணுக்குள் நிற்கின்றன.

கன்ட்ரோலருக்குத் தெரிவது கூட்டுத்தொகை மட்டும்தான். பழையது சீக்கிரம் நிரம்பி வோல்டேஜ் ஏறிவிடும், கூட்டினால் 28.8 வந்துவிடும், சார்ஜ் குறைந்துவிடும். புதியது அரை வயிற்றோடு நிற்கும். ராத்திரி இறங்கும்போதும் இதே கதை: பழையது 9.8, புதியது 12.2, மொத்தம் 22. இன்வெர்ட்டர் கட் ஆவது 21-இல் என்பதால் அது பாட்டுக்கு ஓடும், பழையது அடியோடு காலியாகும். கடைசியில் பழையது செத்தது, புதியதும் நிரம்பாமலே கிடந்து கெட்டது.

மலைவீடு (கொடைக்கானல்):
என்னுடையது பேட்டரி இல்லை, பேனலும் கன்ட்ரோலரும். மன்னவனூர் பக்கம் மாமனார் வீட்டில் 540 வாட் பேனல் இரண்டைச் சீரிஸில் போட்டு, 100 வோல்ட் வரை தாங்கும் எம்பிபிடி கன்ட்ரோலர் (பேனலின் கூடுதல் வோல்டேஜைப் பேட்டரிக்கேற்ற ஆம்பியராக மாற்றுவது) கொடுத்துப் போனார்கள். பேனல் பின்னால் ஓப்பன் சர்க்யூட் (எதிலும் இணைக்காதபோது வரும்) வோல்டேஜ் 49.5 என்று ஒட்டியிருக்கும். இரண்டுக்கு 99. நூறுக்குள்தானே என்று கணக்குப் போட்டிருக்கிறார்கள்.

அந்த 49.5 என்பது பேனல் 25 டிகிரியில் இருக்கும்போது. குளிரக் குளிர வோல்டேஜ் ஏறும், ஒரு டிகிரிக்கு ஏறக்குறைய 0.28 சதவீதம். 5 டிகிரி என்றால் 99 என்பது 104 ஆகிவிடும். ஜனவரியில் புல்லெல்லாம் உறைபனி, வானம் பளிச்சென்று இருந்த ஒரு காலையில் கன்ட்ரோலர் செத்துக் கிடந்தது. பேனல் வயரைக் கழற்றி நானே அளந்தேன், 103 தாண்டிவிட்டது. மதியம் மெக்கானிக் வந்து அதே வயரை அளந்தபோது 92! "வோல்டேஜ் கரெக்டா இருக்கு சார், கன்ட்ரோலர்தான் மோசம்" என்று சொல்லிவிட்டுப் போனார். அடுத்ததும் 100 வோல்ட் கன்ட்ரோலராகவே கொண்டுவந்தார். மாமனார் 150 வோல்ட்தான் வேண்டும் என்று வாசலிலேயே திருப்பி அனுப்பினார்.

பழைய எலக்ட்ரீஷியன்:
வேதாரண்யம் தம்பி, பழசு புதுசு சேரவே கூடாது என்று ஒரேயடியாகச் சொல்லக் கூடாது. ஒரே கம்பெனி, ஒரே ஏஹெச், சில மாத வித்தியாசம்தான் என்றால் நடுவில் பேட்டரி பேலன்சர் (இரண்டின் வோல்டேஜையும் சமப்படுத்தும் கருவி) போட்டு ஓட்டலாம். ஒரு ஸ்கூலில் அப்படிப் போட்டேன், நன்றாகவே ஓடியது.

இன்னும் சிலது சொல்கிறேன், யாருக்காவது பயன்படும். புது பேட்டரியே ஆனாலும் சீரிஸில் மாட்டும் முன் ஒவ்வொன்றையும் தனியாக ஃபுல் சார்ஜ் பண்ணுங்கள். ஹைட்ரோமீட்டர் (ஆசிட்டின் அடர்த்தியைக் காட்டும் கருவி) விட்டுப் பாருங்கள், டியூபுலரில் எல்லா செல்லும் 1240 பக்கம் நிற்க வேண்டும். ஒரு செல் மட்டும் 1180 என்றால் அந்த பேட்டரியைச் சேர்க்காதீர்கள். பேரலலில் (பிளஸ்ஸோடு பிளஸ், மைனஸோடு மைனஸ்) போடுபவர்கள் பாசிட்டிவ் முதல் பேட்டரியிலும் நெகட்டிவ் கடைசி பேட்டரியிலும் எடுங்கள், இரண்டும் ஒரே பேட்டரியில் எடுத்தால் அதற்கு மட்டும் வேலை அதிகம். இணைக்கிற வயர் எல்லாம் ஒரே தடிமன், ஒரே நீளம். 12 வோல்ட் இன்வெர்ட்டரில் 1000 வாட் இழுத்தால், அதன் இழப்பும் சேர்த்து 90 ஆம்பியருக்கு மேல் ஓடும், மெல்லிய வயர் போட்டால் உருகிவிடும். பேட்டரி பக்கம் டிசி ஃபியூஸ் போடுங்கள், வீட்டுக் கரண்டுக்கான ஏசி எம்சிபி (ட்ரிப் ஸ்விட்ச்) வேண்டாம். டிசியில் பொறி பிடித்தால் அணையாது. அப்புறம் லித்தியமும் டியூபுலரும் ஒரே பேங்கில் (பேட்டரித் தொகுப்பில்) வேண்டவே வேண்டாம். லித்தியம் 13.3-இல் நிற்கும், மற்றது 12.7. ராத்திரி பூரா லித்தியம் மற்றதுக்கு ஊட்டிக்கொண்டே இருக்கும். லித்தியம் மட்டும் வைத்திருப்பவர்கள் கன்ட்ரோலரில் ஈக்வலைஸ் (ஆசிட் பேட்டரிக்கான கூடுதல் வோல்டேஜ் சார்ஜ்) ஆஃப் பண்ணியிருக்கிறதா என்று இன்றைக்கே பாருங்கள்.

ஜவ்வாது:
எங்கள் மலையில் ஒரு கொட்டகையில் பார்த்தது. 540 வாட் பேனல் ஒன்று, 12 வோல்ட் பேட்டரி, நடுவில் பிடபிள்யூஎம் என்ற எளிய வகைக் கன்ட்ரோலர். நல்ல வெயிலில் 13 ஆம்பியர்தான் வருகிறது. பேட்டரி வோல்டேஜ் 13, பெருக்கினால் 170 வாட் கூட இல்லை. பிடபிள்யூஎம் பேனலை பேட்டரி வோல்டேஜுக்கே இழுத்துவிடும், 41 வோல்ட்டில் வேலை செய்ய வேண்டிய பேனல் அங்கே என்ன செய்யும்? அந்தப் பெரியவர் ஆடு விற்ற பணத்தில் வாங்கியது. பேனல் டூப்ளிகேட் என்றே நம்பிக்கொண்டிருந்தார். 40 ஆம்பியர் எம்பிபிடி மாட்டியதும் மீட்டரில் 36 ஆம்பியர் வந்ததைப் பார்த்து அவர் பேசாமல் நின்ற முகம் மறக்காது.

உப்புக்காற்று:
எலக்ட்ரீஷியன் அண்ணே, பேலன்சர் சில ஆம்பியர்தான் தள்ளும். சில மாத வித்தியாசத்துக்கு அது சரி. எங்களுடையது வருஷக்கணக்கில் உழைத்த பேட்டரி, பிளேட்டே தேய்ந்து போயிருக்கும். அதற்கும் பேலன்சர் போதும் என்று யாராவது எடுத்துக்கொள்ளப் போகிறார்கள், அந்தக் கடைக்காரர் மாதிரி.

பழைய எலக்ட்ரீஷியன்:
அவ்வளவு பழசுக்கு நானும் போட மாட்டேன் தம்பி, ஜோடியாகத்தான் மாற்றணும். இனி மாட்டும் செட்டில் மாதம் ஒரு தடவை, சார்ஜ் முடியும் நேரத்தில் இரண்டையும் தனித்தனியாக அளந்து எழுதி வை. அரை வோல்ட் வித்தியாசம் வந்தால் குறைந்த வோல்ட்டில் நிற்பதைத் தனியாக சார்ஜரில் போடு. சில நாள் கழித்துத் திரும்ப அளந்து இங்கே எழுது, பார்க்கலாம்.