சனிக்கிழமைச் சம்பளமும் அறுப்பின் பண்டிகைப் பொருத்தனையும்: எது முதலில்?

கேள்வி: கட்டிங் மாஸ்டர், திருப்பூர்

அனைவருக்கும் ஸ்தோத்திரம். பதினான்கு ஆண்டுகளாகப் பனியன் கம்பெனியில் துணி வெட்டும் வேலை பார்க்கிறேன். பேட்டன் அட்டைகளை நெருக்கி வைத்து, முதலாளியின் துணியில் ஒரு விரல் அகலம்கூட வீணாகாமல் வெட்டத் தெரிந்த எனக்கு, என் சம்பளத்தை அப்படிக் காக்கத் தெரியவில்லை. சனிக்கிழமை மாலை வாங்கிய பணம் திங்கட்கிழமை காலையில் இருந்ததே இல்லை. குடி, கூட்டாளிகளுக்கு விருந்து, தவணையில் எடுத்த பைக், அது சலித்ததும் இன்னொன்று என எல்லாம் என் ஆசைக்கே போயிற்று. மனைவியின் தாலிக்கொடி அடகுக்கடையில் இருக்கிறது. அவள் மஞ்சள் கயிற்றோடுதான் ஆராதனைக்கு வருகிறாள்.

ஈஸ்டருக்கு முந்தைய லெந்து நாட்களில் சபைக்குத் திரும்பினேன்; அன்று முதல் குடிக்கவில்லை. இனியாவது விசுவாசமாக வாழ வேண்டும் என்று எண்ணி, விளைச்சலுக்கு நன்றி சொல்லிச் சபை கொண்டாடும் அறுப்பின் பண்டிகைக்குப் பத்தாயிரம் ரூபாய் கொடுப்பதாக ஆண்டவரிடம் வாக்குக் கொடுத்துப் பொருத்தனை செய்தேன். அன்றிரவு மனைவி எதுவும் பேசாமல் அடகுச்சீட்டை எடுத்து என் வேதாகமத்தின் மேல் வைத்துவிட்டுப் படுத்துக்கொண்டாள். நான் செய்தது தவறா? பண்ணிய பொருத்தனையை மாற்றலாமா?

பதில் 1: ஓய்வுபெற்ற உபதேசியார், கோபிசெட்டிபாளையம்

தம்பி, உங்கள் மனைவி ஒரு வார்த்தையும் பேசாமல் நல்ல பிரசங்கம் செய்திருக்கிறார். பெற்றோருக்குச் செய்ய வேண்டியதைச் செய்யாமல், அது 'கொர்பான்', அதாவது காணிக்கை, என்று சொல்லித் தப்பித்துக்கொண்டவர்களை இயேசு கண்டித்ததை மாற்கு 7ஆம் அதிகாரத்தில் வாசியுங்கள். தாலிக்கொடிக்கும் அது பொருந்தும் என்றே கருதுகிறேன்.

இயேசுவைச் சந்தித்து மனம் திரும்பிய வரி வசூலிப்பவன் சகேயுவையும் பாருங்கள். ஆஸ்தியில் பாதியை ஏழைகளுக்குக் கொடுப்பதாகச் சொன்னதோடு அவன் நிற்கவில்லை. அநியாயமாய் வாங்கியதை நாலத்தனையாக, அதாவது நான்கு மடங்காக, திருப்பித் தருவதாகவும் சொன்னான். அதற்குப் பிறகுதான் இரட்சிப்பு 'இந்த வீட்டுக்கு' வந்தது என்று ஆண்டவர் சொன்னார். வீட்டுக்கு என்ற சொல்லைக் கவனியுங்கள்.

பொருத்தனையை நினைத்துப் பயப்பட வேண்டாம். ஆட்களை ஆண்டவருக்கென்று நேர்ந்துகொண்ட பொருத்தனையைச் செலுத்த முடியாத ஏழைக்கு அவனுடைய திராணிக்கேற்ப ஆசாரியன் தொகையை மதிப்பிட வேண்டும் என்று லேவியராகமம் 27ஆம் அதிகாரமே இடம் கொடுக்கிறது. ஆயரிடம் அடகுச்சீட்டைக் காட்டிப் பேசுங்கள்.

கடன் தீர்ந்த பிறகு எப்படி வாழ்வது என்பதற்கு மெதடிஸ்ட் இயக்கத்தைத் தொடங்கிய ஜான் வெஸ்லியின் கணக்கு எனக்குப் பிடிக்கும். ஆண்டு வருமானம் 30 பவுண்டாக இருந்தபோது 28 பவுண்டில் வாழ்ந்து மீதியைத் தானம் செய்தவர், வருமானம் 60, 90, 120 என்று ஏறியபோதும் அதே 28 பவுண்டில்தான் வாழ்ந்தார். நம்மில் பெரும்பாலோருக்குச் சம்பளம் ஏறினால் செலவும் சேர்ந்து ஏறிவிடுகிறது. இன்னொன்றையும் ஒப்புக்கொள்கிறேன்: ஊழியக் காலத்தில், வீட்டில் அடுப்பு எரிகிறதா என்று கேட்காமல் நானே பலரிடம் காணிக்கைக் கவரை வாங்கியிருக்கிறேன்.

பதில் 2: ஈரோட்டு அக்கா

தம்பி, இதே பாதையில் நடந்தவரின் மனைவி நான். என் கணவர் மனம் திரும்பிய புதிதில் ஒவ்வொரு கூட்டத்திலும் சாட்சி சொன்னார். எல்லோரும் அல்லேலூயா சொன்னார்கள். நானோ கடைசி வரிசையில் உட்கார்ந்து, மாலையில் வரப்போகும் வாரவட்டிக்காரருக்கு என்ன பதில் சொல்வது என்று யோசித்துக்கொண்டிருந்தேன். யாரிடம் எவ்வளவு கடன் என்பதை அவர் சாட்சியில் சொன்னதில்லை, என்னிடமும் சொல்லவில்லை. ஓர் இரவு பழைய நாள்காட்டித் தாளின் பின்பக்கத்தில் அத்தனை கடனையும் தன் கையாலேயே எழுதிக் கொடுத்தார். ஏழாவது பெயரை எழுதும்போது பேனாவைக் கீழே வைத்துவிட்டார். எனக்கு நம்பிக்கை வந்தது அன்றைக்குத்தான்.

ஓர் எச்சரிக்கையும் உண்டு. எளிமையாக வாழ்கிறேன் என்று எங்களைக் கேட்காமல் தொலைக்காட்சியை விற்றார். பிள்ளையின் பள்ளிச் சுற்றுலாவுக்குப் பணம் கட்ட மறுத்தார். முன்பு தன் இன்பத்துக்காக எங்களைக் கேட்காமல் செலவழித்தவர், பிறகு தன் பக்திக்காக எங்களைக் கேட்காமல் மிச்சம் பிடித்தார். எங்களுக்கு இரண்டும் ஒன்றாகத்தான் தெரிந்தது. சம்பளக் கவரைப் பிரிக்காமல் மனைவியிடம் கொண்டுவந்து கொடுங்கள். ஆனால் கணக்குப் பார்க்கும் வேலையை அவர் தலையில் கட்டிவிடாமல் இருவருமாக உட்கார்ந்து எழுதுங்கள்.

பதில் 3: கோவை வாசகன்

உபதேசியார் ஐயா சொல்வதில் எனக்குச் சிறு மாறுபாடு உண்டு. கடனெல்லாம் தீரட்டும், அப்புறம் கொடுக்கலாம் என்று இருந்தால், தனக்கென்றே வாழ்ந்து பழகிய மனம் அதையே சாக்காக்கிக்கொள்ளும். வேதாகமத்தில் வரும் ஏழை விதவை காணிக்கைப் பெட்டியில் இரண்டு காசுதான் போட்டாள். தொகை சிறிதாக இருக்கட்டும், கொடுக்கும் பழக்கம் மட்டும் நின்றுவிட வேண்டாம்.

கேள்வி கேட்டவர்

மூவருக்கும் நன்றி. ஆயரைப் பார்த்தேன், அவர் அடகுச்சீட்டை வாசித்துவிட்டு, முதலில் நகையை மீட்டுக்கொண்டு வரும்படி சொன்னார். அடகுக்கடையில் இதுவரை வட்டி மட்டும் கட்டியிருக்கிறேன். அசல் அப்படியே நிற்கிறது. பைக்கை விற்கப் பேசி வைத்திருக்கிறேன். இந்தச் சனிக்கிழமை கவரைப் பிரிக்காமல் கொடுத்தேன். மனைவி எண்ணிப் பார்த்து, அரிசிக்கும் வட்டிக்கும் பிரித்த பிறகு, ஐம்பது ரூபாயைத் தனியே மடித்துத் தன் வேதாகமத்துக்குள் வைத்தாள். எதற்கென்று கேட்டேன். "நாளைக்கு ஞாயித்துக்கெழமை இல்லீங்களா" என்றாள்.