அப்பாவுக்குத் தலைச்சுற்று, ஒரு காது கேட்கவில்லை. உடம்பில் செல் (எறிகணை) துண்டு. எம்.ஆர்.ஐ. எடுக்கலாமா?

ஒட்டுசுட்டான் மகள்:
அப்பாவுக்கு 61 வயது. பிரஷரும் சீனி வருத்தமும் இருக்கின்றன. போன கிழமை மிளகாய்க்குத் தண்ணீர் கட்டிக்கொண்டு நின்றவர் எல்லாம் சுற்றுகிறது என்று வரம்பிலேயே இருந்துவிட்டார். ஒரே சத்தி. அன்றோடு இடக் காதும் கேட்கவில்லை. அதற்கு முதலும் கிறுதி வந்து, காது இரைந்து, சில நிமிடத்தில் விட்டிருக்கிறதாம், எங்களுக்குச் சொல்லவில்லை. முதலில் காட்டிய இடத்தில் காது வருத்தம் என்று சினரிசின் கொடுத்து அனுப்பினார்கள். பிறகு எடுத்த சிடி ஸ்கானில் ஒன்றும் இல்லை. இப்போது மூளை இரத்தக் குழாய் பார்க்க எம்.ஆர்.ஐ. வேண்டுமாம். 2009இல் பட்ட செல் துண்டு இடுப்பில் இன்னும் கிடக்கிறது. சிடி நல்லம் என்றால் இது தேவையா?

மாங்குளத்தான்:
தங்கச்சி, எனக்கும் இதுதான். கட்டிலில் புரண்டால் அரை நிமிடம் சுற்றும். தலையைச் சரித்துப் படுக்கவைத்து ஒரு பயிற்சி தந்தார்கள், சரியாகிவிட்டது. பயப்படாதீர்கள்.

பழைய தாதி:
தம்பி, உங்களுடையது வேறு வருத்தம். அதில் காது கேட்காமல் போகாது.

மகள், உட்காதுக்கு இரத்தம் கொண்டுபோவது மயிர் போன்ற ஒரேயொரு நாடி. அடைத்தால் மாற்றுவழி இல்லை. பெரும்பாலும் அது சிறுமூளைக்குப் போகும் ஒரு குழாயிலிருந்துதான் பிரிகிறது. அதனால் சுற்றும் செவிடும் சேர்ந்து வந்தால் காதை மட்டும் பார்த்துவிட்டு இருக்கக்கூடாது. வந்து வந்து போனவை பாரிசவாதத்துக்கு முன்னறிகுறியாகவும் இருக்கலாம். பின்மூளைப் பக்கம் எலும்பு தடிப்பு, சிடியில் சின்ன அடைப்புத் தெரியாது. முதல் ஒன்றிரண்டு நாளில் எம்.ஆர்.ஐ.யே தவறவிடும். டொக்டர் தலையைச் சட்டென்று திருப்பிக் கண்ணைப் பார்ப்பது சும்மா இல்லை, சுற்று காதாலா மூளையாலா என்று பிரித்தறியத்தான்.

செல் துண்டைக் கட்டாயம் சொல்லுங்கள். எம்.ஆர்.ஐ. பெரிய காந்தம், எங்கட சனம் உடம்பில் கிடப்பதையே மறந்துவிடும். முதலில் எக்ஸ்ரே எடுப்பார்கள். தசைக்குள் பல வருடம் கிடந்த துண்டென்றால் பெரும்பாலும் விடுவார்கள், ஆனால் முடிவு அவர்களுடையது. முடியாதென்றால் நாளத்தில் மருந்து ஏற்றிச் சிடியிலேயே குழாய்களைப் பார்க்கலாம். அதற்குக் கிரியேட்டினின் (சிறுநீரகத்துக்கான இரத்தச் சோதனை) பார்க்கவேண்டும். சீனிக்கு மெட்போர்மின் குளிசை குடித்தால் அதையும் சொல்லுங்கள்.

கேட்டல் சோதனையைப் பின்போடாதீர்கள். திடீர்ச் செவிட்டுக்கு ஸ்டீரொயிட் கொடுத்தால் முதல் இரண்டு கிழமைக்குள்தான் நல்ல பலன். சீனி ஏறும் என்பதால் டொக்டர் யோசித்துத்தான் தருவார். பேச்சுக் குழறினால், இரட்டையாகத் தெரிந்தால், நடக்கமுடியாமல் போனால் உடனே 1990 அம்புலன்சுக்கு அடியுங்கள்.

ஒட்டுசுட்டான் மகள்:
நன்றி அக்கா. இடப் புருவத்துக்குக் கீழும் ஒரு பொடித் துண்டு இருக்கிறது என்று அம்மா இப்போதுதான் சொல்கிறா.

பழைய தாதி:
இடுப்பை விட அதுதான் முக்கியம். கண்ணுக்குள் இரும்பு இருந்தால் காந்தம் அசைத்துவிடும், பார்வையே போகலாம். கண் பக்க எக்ஸ்ரே பார்க்காமல் அறைக்குள் விடாதீர்கள். துண்டுச்சீட்டில் எழுதி அப்பாவின் கிளினிக் கொப்பியில் ஒட்டிவிடுங்கள், அவர் சொல்லமாட்டார்.