லாரி ஓட்டுபவருக்கு எந்த ஹெட்செட் சரிப்படும்?

வணக்கம் நண்பர்களே. லாரி ஓட்டும் என் அண்ணனுக்கு ஒரு ப்ளூடூத் ஹெட்செட் வாங்க வேண்டும். உங்கள் அனுபவத்தைச் சொல்லுங்கள்.

இப்போது காதுக்குள் செருகும் சின்ன இயர்பட் வைத்திருக்கிறார். மைக் வாயிலிருந்து தள்ளி இருப்பதால், அவர் குரலைவிட இன்ஜின் இரைச்சல்தான் அதிகம் கேட்கிறது. மேட்டில் கியர் மாற்றினால் அவ்வளவுதான், "என்ன, என்ன?" என்று நாங்கள் கத்த வேண்டியிருக்கிறது. அதனால் வாய்ப்பக்கம் நீளும் மைக் உள்ளதாகப் பார்க்கிறேன். ஒரு காதுக்கு மட்டும் போதும். மற்ற காது ஹாரன் சத்தத்துக்குத் திறந்தே இருக்க வேண்டும், இதில் விட்டுக்கொடுக்க மாட்டேன்.

பெட்டியில் 'நாய்ஸ் கேன்சலிங்' (இரைச்சலைக் குறைப்பது) என்று போட்டிருப்பது சிலவற்றில் ஹெட்செட் மாட்டியிருப்பவர் காதுக்கானது, சிலவற்றில் மைக்குக்கானது. எனக்கு மைக்குக்கானதுதான் வேண்டும். பெட்டியைப் பார்த்து இதை எப்படிக் கண்டுபிடிப்பது?

அப்புறம், அண்ணன் கண்ணாடி போடுபவர். காதில் கொக்கி மாட்டும் வகை கண்ணாடிக் காம்போடு இடிக்கிறது, மதியத்துக்குள் காதின் பின்புறம் சிவந்துவிடுகிறது. தலைப்பட்டை வகை நாள் முழுக்கத் தாங்குமா? வியர்வையில் பஞ்சு உறை எத்தனை நாள் வரும்? சார்ஜ் போட்டபடியே பேச முடிகிற மாடல் இருந்தால் அவசியம் சொல்லுங்கள். பட்டன் மட்டும் சாலையிலிருந்து கண்ணை எடுக்காமல், விரலால் தடவியே அழுத்துகிற மாதிரி இருக்க வேண்டும்.